இதர

மாநகர சபைப் பட்டியலில்
வெதுப்பகம் இருக்கிறது, மீன்வாடி இருக்கிறது,
சவப்பெட்டிக் கடைக்குக்கூட ஒரு இலக்கம்.
நாய்க்கு முடி வெட்டுகிற கடைக்கு இல்லை.

லோகிதா மிஸ் பேனையைக் காதில் செருகிக்கொண்டு கேட்டா:
"லைசன் எடுக்கச் சொன்னா எல்லாரும் ஒளிப்பாங்க.
நீங்க ஏன் கா தேடி வாறீங்க?"
மறுகா 'சலூன்' என்று எழுதி,
ஒள்ளுப்பம் யோசித்து,
பக்கத்தில் 'இதர' என்று போட்டா.

ஏன் வந்தேன் என்று அவவுக்குச் சொல்லவில்லை.

கச்சான் அடித்த ஆடி மாதம்.
மிஸ்ஸிஸ் பார்த்தலட்டின் டஃபி,
பொமரேனியன், ஐந்து வயது.
"வெக்கைக்குப் பாவம் புள்ள, ஒட்ட வழிச்சு விடு" என்றா.
அது இரட்டை ரோமம்.
வழித்தால் திரும்பி வராமலும் போகும்.
தெரியும் எனக்கு.
கொழும்பில் படித்த மூன்று வாரத்தில்
இரண்டாம் நாளே சொல்லித் தந்தது.
ஆனால் அன்றைக்குக் கடை வாடகை நாள்.
மெஷினைப் போட்டேன்.

ஏழு மாதமாகிறது.
நடுமுதுகில் ஒரு கோப்பைத் தட்டு அகலம்
வெளுத்துக் கிடக்கிறது, களப்பு வற்றின கரைபோல.
அவ குறை சொல்லவில்லை.
"அதுக்கும் வயசாகுதுதானே" என்றா,
தங்கச்சி வீட்டு நாயையும் கூட்டி வந்தா.
ஒரு ஏச்சு ஏசியிருந்தால்
எனக்கு நித்திரை வந்திருக்கும்.
டஃபிதான் இப்போது மெஷின் சத்தம் கேட்டால்
மேசைக்கு அடியில் போய்விடுகிறது.
அதன் முறைப்பாடு அவ்வளவுதான்.
பதிந்துகொள்ள ஒரு கந்தோர் இல்லை.

ஆரையம்பதியில் ஒரு பெடியன்,
போனில் பார்த்துப் பழகினவன்,
உலர்த்தியைக் கூட்டுக்கு நேரே கட்டிவிட்டுத்
தேத்தண்ணி குடிக்கப் போனான்.
திரும்பி வரும்போது கூடு அமைதியாக இருந்தது.
அவனைத் திட்டினவர்களில் நானும் ஒருத்தி.
இப்போது கல்லாற்றில் வேறு பெயர்ப் பலகை,
நல்ல வியாபாரமாம்.
அவனுக்கும் எனக்கும் நடுவில்
சட்டம் என்று ஒன்று நிற்கவில்லை.
நிற்பது ஒரு சான்றிதழ்.
அதை லாமினேட் பண்ணினதும் நான்தான்.

பரிசோதனைக்குப் புவிதரன் சேர் வந்தார்,
கையில் மனுசருடைய சலூன் படிவம்.
"கண்ணாடி எத்தனை?"
"இல்லை சேர். அதுகள் பார்க்கிறதில்லை."
"பிளேட் ஒருதரம்தான் பாவிக்கிறதா?"
"சவரம் இல்லை சேர்."
"துவாய், ஆளுக்கு ஒன்றா?"
"ஓம். ஆளுக்கு ஒன்று."
'ஆள்' என்ற சொல்லில் பேனை கொஞ்சம் நின்றது.
பிறகு சரி போட்டார்.

படிவம் கேட்காததையெல்லாம் நானாகச் சொன்னேன்.
தடுப்பூசி அட்டை பார்க்காமல் உள்ளே எடுக்கக்கூடாது.
நகத்தில் இரத்தம் வந்தால் உரியவருக்குச் சொல்ல வேணும்,
மஞ்சள் பூசி மறைக்கக்கூடாது.
கூட்டில் தனியே விட்டுவிட்டு
ஒரு போன் எடுக்கவும் போகக்கூடாது.
அவர் எழுதவில்லை.
எழுத இடமில்லை.

கடைசிப் பெட்டி, முறைப்பாடுகள்.
"இல்லைதானே?" கோடு இழுக்கப் போனார்.
"ஒன்று இருக்கு சேர்."
"ஆர் தந்தது?"
டஃபி என்றேன். விலாசம் கூழாவடி.
"ஆருக்கு எதிரா?"
என் முழுப் பெயரையும்
அடையாள அட்டை இலக்கத்தையும் சொன்னேன்.

ஹெல்மெட்டை மேசையில் வைத்தார்.
வந்ததிலிருந்து முதல்தரம் இருந்தார்.
"இதுக்கு எவ்வளவு தண்டம் போட?"
என்று என்னிடமே கேட்டார்.
எனக்கும் தெரியவில்லை.

பத்தரைக்கு வரச் சொன்ன பூடில்
வாசலில் நின்று குரைத்தது.
குளிப்பாட்டி எடுத்து உலர்த்தியைப் போட்டேன்.
போகாமல் இருந்த மனுசன் எழும்பி வந்து
நாய்க்கு முன்னால் தன் உள்ளங்கையை நீட்டி
வாய்க்குள் எண்ணத் தொடங்கினார்.
பதினொன்றில் கையை இழுத்துக்கொண்டார்.

"எழுதுங்க சேர்" என்றேன்.
படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பினார்.