ஆறு வோல்ட்

இன்றைக்குத்தான் தெரியும்
அந்தக் கடைசிப் பாட்டு எப்படி முடிகிறதென்று.

முப்பத்திரண்டு வருசமாய் எனக்கு அது
இரண்டாம் சரணத்தின் நடுவில்,
மூச்சை உள்ளிழுத்த தொண்டையோடு,
டக்.
அறுபது நிமிசக் கசெற். அதற்குமேல் நாடா இல்லை.
கஸ்தூரியார் வீதியில் பதிந்து தந்த பெடியன்
பச்சை மையால் எழுதியிருந்தான்: "இங்கிலீஸ் 4".
பாடினவர்களுக்கு எங்களிடம் இருந்த பேர் அவ்வளவுதான்.

தொண்ணூற்றிரண்டு.
கம்பங்களில் கம்பி இருந்தது, காகம் குந்த.
பற்றறிக்குத் தடை. சவர்க்காரத்துக்கும் தட்டுப்பாடு.
சுண்டுக்குளியில், எங்கள் பின்விறாந்தையில்,
பக்கத்து வீட்டு நெவின்ஸ் சைக்கிளைக் கவிழ்த்து வைப்பான்.
டைனமோவை ரயரில் சாய்த்து,
ஒரு டயோட், ஒரு கொண்டென்சர்,
செருப்பு வாரால் கட்டிய இரண்டு வயர்.
பிறகு பெடலைக் கையால் சுற்றுவான்.
நான் பெட்டியோடு காதை வைத்துக்கொள்வேன்.

முதலில் பேஸ் கிற்றார்.
கிணற்றுக்குள் வாளி இறங்குகிற மாதிரி,
ஆழம் தெரிந்த கை, அவசரமில்லை.
ட்ரம்ஸ்காரன் எப்போதும் ஒரு மயிரிழை பிந்தித்தான் அடிப்பான்.
அந்தப் பிந்தலுக்குள் நான் குடியிருந்தேன்.
மூன்று பேர் சேர்ந்து பாடும் இடத்தில்
நடுக்குரலில் மட்டும் கொஞ்சம் மணல்.
அவனைத்தான் எனக்குப் பிடிக்கும். முகம் தெரியாது.

இரண்டாம் பாட்டில் "ஓ மாலினி" என்று கூப்பிடுவார்கள்.
எங்களுக்குக் கெமிஸ்ட்ரி படிப்பித்தவவும் மாலினி.
"வெள்ளைக்காரனுக்கு எப்பிடியடி ரீச்சரைத் தெரியும்?"
நெவின்ஸ் சிரித்ததில் சில்லு தளர,
மாலினி நீண்டு, தடித்து,
ஆம்பிளைக் குரலில் ஆழத்துக்குப் போனா.

மூன்றாம் பாட்டில் கிற்றார் தனியே வரும்.
ஏறி ஏறிப் போய், உச்சியில் ஒருக்கால்
வழுக்கும்.
விழப்போகிறது என்று நினைக்கையில் நிமிரும்.
இப்படியும் ஒருவன் வாசிப்பானா?
ஆவர்த்தன அட்டவணை மறந்துபோனது.
அந்த வழுக்கல் மறக்கவில்லை. மூன்று பிரசவத்திலும்
பல்லைக் கடித்துக்கொண்டு அதைத்தான் பிடித்திருந்தேன்.

போன கிழமை மருமகன் போனை நீட்டினான்,
"முனகுங்கோ மாமி, அது கண்டுபிடிக்கும்."
முனகினேன். கண்டுபிடித்தது.
எழுபத்தெட்டில் வந்த இசைத்தட்டு.
நனைந்த கார்த் தரிப்பிடத்தில் நாலு பேர்,
மீசைக்காரன் மட்டும் வேறெங்கோ பார்க்கிறான்.
மணல் குரல் அவனுடையதென்று முடிவு செய்துவிட்டேன்.
பேரைச் சொல்லமாட்டேன்.
எனக்கு அவர்கள் இன்னும் இங்கிலீஸ் நாலுதான்.

ஸ்ரான்லி வீதியில் நெவின்ஸ் இன்வேட்டர் கடை வைத்திருக்கிறான்.
இன்று அங்கே, கல்லாவுக்குப் பக்கத்தில், போட்டுக் காட்டினேன்.
மாலினி இல்லை. "மோர்னிங்" என்றுதான் பாடுகிறார்கள்.
எல்லாம் கொஞ்சம் வேகம்; எல்லாம் துலக்கம்;
ட்ரம்ஸ்காரன் நேரத்துக்கு வந்துவிடுகிறான்.
மூன்றாம் பாட்டு. கிற்றார் ஏறியது,
ஏறியது,
வழுக்காமலே அந்தப் பக்கம் இறங்கியது.

"இந்த இடத்தில ஒரு தளர்வு வருமே?" என்றேன்.
"அது நான் கை மாத்திற இடம்," என்றான்.
"வலக்கை அதோட விட்டிடும். இடக்கைக்குப் போவன்."

பிறகு, ஸ்பீக்கரைப் பார்த்தபடி:
"நான் உதொண்டும் கேட்டதில்லையடி.
டைனமோ காதுக்குள்ள இரையும்.
உன்ர முகத்தைப் பாத்துத்தான்
பாட்டு மாறுதெண்டு அறியிறது."

எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.
கடைசிப் பாட்டு வந்தது. மூச்சை இழுத்தான் மீசைக்காரன்.
நான் டக்கென்று நிற்கும் என்று தோளை இறுக்கினேன்.
நிற்கவில்லை. பாடினான்.
பிறகு அதே வரி, திரும்பவும் அதே வரி,
ஆரோ சத்தத்தை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு போக,
முடியாமலே முடிந்துபோனது.

"இவ்வளவுதானோ?" என்றான் நெவின்ஸ்.
"இவ்வளவுதான்."

ஒரு பெடியன் வந்து
ஒன்பது வாற்ஸ் பல்ப் என்ன விலை என்று கேட்டான்.
நெவின்ஸ் எழும்பவில்லை.
"கொஞ்சம் பொறு தம்பி," என்றான்.
"அக்கா, மூண்டாவதை இன்னொருக்காப் போடுவா."