விருப்பப் படிவம்

மூன்றாம் வகுப்பு அ பிரிவில் எழுபத்தொரு பேர்.
ஆ பிரிவு என்று ஒன்று இருக்கிறது,
அதே அறையில், முதுகைத் திருப்பிக்கொண்டு.
இந்தப் பக்கம் ஏழாம் வாய்ப்பாடு ஓடும்போது
அந்தப் பக்கம் மழை எப்படி உண்டாகிறது என்று நடக்கும்.
ஏழேழு நாற்பத்தொன்பது மேகம் என்று
ஒருநாள் ஒப்பித்தான் என் மகன்.
சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

சனிக்கிழமை கூட்டம்.
ஷூ கம்பெனியில் அரைநாள் சம்பளம் போக
தோட்டப்பாளையம் பள்ளிக்கு வந்து உட்கார்ந்தேன்
எட்டு வயதுக்கான பெஞ்சில், முட்டி நெஞ்சில் இடிக்க.
கட்டாயம் இல்லை என்றார் தலைமையாசிரியை மரகதவல்லி,
யாருக்கும் கட்டாயம் இல்லை,
விருப்பம் உள்ளவர்கள் மட்டும்.
பாலத்துக்கு அந்தப் பக்கம் விருதம்பட்டில்
ஒரு பள்ளி, இருபத்துமூன்றே பிள்ளைகள்,
இன்னும் குறைந்தால் பூட்டிவிடுவார்கள்.
அங்கிருந்து ஒரு டீச்சர் வந்திருந்தாள், செலின் ரோஸி.
ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு
பெண் கேட்டு வந்த வீட்டில்
பதிலுக்குக் காத்திருப்பவள்போல.
போனை நீட்டி நீட்டிக் காட்டினாள்:
காலி பெஞ்சுகள், தண்ணீர் வருகிற குழாய்,
தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை.
அந்தத் தாழ்ப்பாளை மட்டும்
பெண்பிள்ளைகளின் அம்மாக்கள்
இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்கள்.

கூட்டம் குறையவேண்டும் என்பதில்
ஒருவருக்கும் மறுப்பில்லை.
பழக்கடை முபாரக் எழுந்து
தூரத்துப் பிள்ளைகள் போகட்டுமே என்றார்.
தூரத்துக்காரர்கள்
கடைசியாகச் சேர்ந்தவர்கள் போகட்டும் என்றார்கள்.
கடைசியாகச் சேர்ந்தவள், ஆரணியிலிருந்து வந்து நாலு மாசம்,
ஒன்றும் பேசாமல்
படிவத்தைப் பஸ் டிக்கெட் அளவுக்கு மடித்தாள்.
பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்:
"டீச்சர், உங்க பசங்க எந்த ஸ்கூல்?"
கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் கேட்டது.

நானும் வேண்டாம் என்றுதான் திரும்பினேன்.
பாலம் இருக்கிறது, லாரி இருக்கிறது,
ஏழு பத்துக்கு எனக்குக் கம்பெனி வேன் இருக்கிறது.
இங்கே என்றால் தெருப்பிள்ளைகளோடு போய்விடுவான்.

அன்று ராத்திரி வீட்டுப்பாடம்.
வீடு ஒரே அறைதான், ஆனால் தரை முழுக்க அவனுக்கு.
நட்டநடுவில் உட்கார்ந்து
முழங்கையை விலாவோடு ஒட்டி
தோளை உள்ளே இழுத்து
நோட்டில் பாதியை மடித்து வைத்து எழுதிக்கொண்டிருந்தான்.
கையை நீட்டி எழுதேன்டா என்றேன்.
இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு
"இடிக்குமேம்மா" என்றான்.

நாள் முழுக்க ஷூவுக்குத் தோல் தைக்கிறவள் நான்.
ஒரு நூல் உள்ளே பிடித்துவிட்டால்
கால் என்ன ஆகும் என்று தெரியும்.

'என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்று அச்சடித்திருந்தது.
சொந்த என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
ஷேர் ஆட்டோ தணிகாசலத்திடம் மாசம் அறுநூறு பேசினேன்.
கம்பெனியில் ஓவர்டைம் கேட்டேன்.
மொத்தம் ஏழு பேர் போனோம்.
எழுபத்தொன்று அறுபத்துநாலு ஆனது,
ஜூலையில் மூன்று பேர் புதிதாய்ச் சேர, அறுபத்தேழு.

ஒரு வாரம் கழித்துப் பாலம் தாண்டினேன்.
கீழே மணலும் இல்லாத பாலாறு,
நிறைய இடம் அதற்கு.
ஜன்னல் வழியே பார்த்தேன்.
ஐந்து பேர் பெஞ்சில் அவன் ஒருத்தன்,
சுவரோடு சுவராக, ஓரத்தில்.
யாருக்குடா அவ்வளவு இடம் என்று வெளியே வந்ததும் கேட்டேன்.
பாஸித்துக்கு, ரோகேஷுக்கு, அப்புறம் யாமினி,
விரல் மடக்கினான்.
"அவங்க அம்மாவும் கையெழுத்துப் போடுவாங்கல்ல?"

தணிகாசலம் ஹாரன் அடித்தார்.
ஆட்டோவில் ஏற்கெனவே பதினொரு பேர்.
முழங்கையை ஒட்டி, தோளை இழுத்து
இருந்த சந்தில்
அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தான் என் மகன்.