டோருன் வரை பச்சை

மார்ச்சில் சிகரெட்டை விட்டான் விட்டெக்.
விரல்களுக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்று
நெஞ்சுநோய் வார்டின் நர்ஸ்
தன் கைப்பையிலிருந்து எடுத்துத் தந்தது
ஒரு கொக்கியூசி.
அலுமினியம். நான்காம் எண்.

ஜூலையில் வூச் நகரிலிருந்து கடலுக்கு.
ஓட்டியது நான்.
பக்கத்து இருக்கையில் அவன்,
மடியில் ஏழு நூற்கண்டுகள்,
காலிடுக்கில் உருளைக்கிழங்கு சாலட்.

முன்பெல்லாம் ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும்
காற்றடிக்கும் குழாய்க்குப் பின்னால் போய்
ஏழு நிமிடம் காணாமல் போவான்.
இப்போதும் போகிறான்.
அதே இடத்தில் நின்று
ஒரு வரிசை பின்னிவிட்டு வருகிறான்.
லாரிக்காரர் ஒருவர் நெருப்பு கேட்டாராம்.
இல்லையென்று கொக்கியைக் காட்டினானாம்.

டோருன் வரை பச்சை.
விஸ்துலா பாலத்தில் மஞ்சள் தொடங்கியது.
க்ருஜோன்ஸ் அருகே டிமெக் வாந்தியெடுத்தான்,
அங்கே ஒரு கண்ணி தவறி
போர்வையின் விளிம்பு
இன்னும் கொஞ்சம் உள்வாங்கியே இருக்கிறது.

வெபாவில் கடல் பதினைந்து டிகிரி.
கணுக்கால் நனைந்ததும் கலீனா
ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.
பதின்மூன்று வயது.
கடலைப் பார்த்துச் சொன்னதால் விட்டுவிட்டேன்.

ஆறு மணிக்கே வந்தவர்கள்
கோடுபோட்ட துணித்தடுப்புகளை ஊன்றி
மணலைப் பாகம் பிரித்திருந்தார்கள்.
எங்கள் பங்கு
குப்பைத்தொட்டிக்கும் வாலிபால் வலைக்கும் நடுவே.
"அப்பா, இங்கே பின்னாதீங்க,
பையன்கள் பார்க்கறாங்க."
அவன் துண்டுக்கடியில் கையை விட்டுப் பின்னினான்.
அது இன்னும் மோசமாகத் தெரிந்தது.
மூன்றாம் நாள் அவளே ஒரு தொப்பி கேட்டாள்,
கறுப்பில்.

பிறகு மழை.
மழைக்கு ஊதா,
மறுநாள் மழைக்கும் ஊதா.

மக்கரல் வாங்கிவரப் போனவன் வரவில்லை.
தேடிப் போனேன்.
மீனுக்குப் புகைபோடும் கொட்டகையின் பின்புறம்,
ஆல்டர் கட்டைப் புகை தாழ இறங்கும் பக்கம்,
கண்ணை மூடி நின்றிருந்தான்.
வாயோரம் கொக்கி.
நெஞ்சு நிதானமாக ஏறி இறங்கியது.
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு
வந்த வழியே திரும்பிவிட்டேன்.

அன்றிரவு நூல் தீர்ந்தது.
அன்றிரவே டிமெக்,
தூக்கம் வராத ஆறு வயது,
போர்வையின் நுனியில் ஒரு கண்ணியைக் கண்டுபிடித்தான்.

குரோஷே அப்படித்தான்.
கடைசிக் கண்ணியைப் பிடித்து இழுத்தால் போதும்,
பின்னால் இருக்கும் அத்தனையும்
சரி, சரி, சரி என்று
விட்டுக்கொடுத்துக்கொண்டே போகும்.

விடியும்போது
கட்டில் காலில், ஹீட்டரில், என் செருப்பில்
சுருள்சுருளாக நூல்.
மழை போயிருந்தது, லெம்போர்க் போயிருந்தது,
விஸ்துலாவில் தொடங்கிய மஞ்சளில் பாதி போயிருந்தது.
வாந்தியெடுத்த இடத்தோடு
என்ன காரணமோ நிறுத்தியிருந்தான்.

விட்டெக்கின் வலதுகை
சட்டைப்பைக்குப் போனது.
நாங்கள் மூவரும் அந்தக் கையையே பார்த்தோம்.
பையில் இருந்தது
அம்பர் என்று டிமெக் பொறுக்கித் தந்த
பீர் பாட்டில் சில்லு.
அதை எடுத்தான்,
வெளிச்சத்தில் பார்த்தான்,
திரும்ப வைத்தான்.
"கலீனா, ரெண்டு கையையும் நீட்டு."
அவள் கைகளில் சுற்றத் தொடங்கினான்.
"நல்லதாப் போச்சு," என்றான்,
"வீடு போய்ச் சேர நூல் இல்லையேன்னு இருந்தேன்."

திரும்பும்போதும் ஓட்டியது நான்.
ஒருமுறை அவிழ்ந்த நூல்
நேராக இருக்க மறுத்தது,
அவன் மடியில் நெளிநெளியாய்க் கிடந்தது.
க்ருஜோன்ஸ் தாண்டி ஒரு பங்க்.
காற்றுக்குழாய்க்குப் பின்னால் போனான்.
நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.
ஏழு நிமிடம்.

கதவைத் திறந்து ஏறியபோது
புகை வாசம்.
பின்சீட்டில் மூன்று கிலோ மக்கரல் இருக்கிறது,
செய்தித்தாளில் சுற்றி,
கலீனாவின் தொப்பிக்குக் கீழே.
மீன்தான்.
நான்காம் கியருக்கு மாற்றினேன்.
மீன்தான்.