கூடம் கோணலான இரவு

பத்தூமியில் மழை. வரவேற்பு மேசைக்குப் பின்னால்
நான், சாவிப் பலகை, மேலாளருக்குத் தெரியாத ஒரு மடிக்கணினி.
பதினொன்று நாற்பதுக்குப் புதிய பதிப்பு வந்தது, ஏழு ஜிபி.
விருந்தினர்கள் எல்லோரும் தூங்கி
ஹோட்டல் வைஃபை காலியாகும்வரை காத்திருந்து இறக்கினேன்.

மாற்றங்களை மளிகைச் சீட்டுபோல் படித்தேன்:
மணியடிப்பவன் இனி எதிரியை நான்கு நொடி உறைய வைக்க மாட்டான்,
ஒரே ஒரு நொடி.
மூன்று நரிகள் சேர்ந்தால் பாயும் என்றிருந்தது, இப்போது ஐந்து.
உப்புச் சுமப்பவளுக்கு ஏதோ சிறு திருத்தம். தாண்டிப் போனேன்,
அவளை யார் வாங்குகிறார்கள்?
கடைசி வரி:
செலவழிக்காத காசுக்கு இனி வட்டி கிடையாது.
சுற்று முடிகையில் பத்துக்கு ஒன்று
துருப்பிடித்து உதிரும்.

எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான்.
ஐம்பது காசு சேரும்வரை அடி வாங்குவது.
உயிர் நூறிலிருந்து முப்பதுக்கு இறங்கினாலும்
கடைப் பக்கம் திரும்பாமல் இருப்பது.
வட்டி குட்டி போடும், குட்டியும் குட்டி போடும்,
கடைசியில் எழுந்து
முழுக் கடையையும் அள்ளிக்கொள்வது.
நகரப் பட்டியலில் மூன்றாம் இடம்வரை
என்னைக் கொண்டுவந்தது அந்தக் கஞ்சத்தனம்.

அன்று ஆடினேன். எட்டாவது.
மறுபடி எட்டாவது.
அப்புறம் ஏழாவது, எவனுக்கோ இணைப்பு அறுந்துபோனதால்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
சரி.
ஆனால் சில இரவுகளில் கூடம் நிஜமாகவே கோணல்தான்.
வேறொரு கண்டத்தில் உட்கார்ந்து
சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவன்
ஒரு பக்கத்துக் கல்லை உருவுகிறான்.

லிஃப்ட் பழுதுபார்க்க வந்த ரேவாஸ் எட்டிப் பார்த்தான்.
"விடு, அடுத்த பதிப்பில் திருப்பித் தருவார்கள்."
அவன் இரண்டு பதிப்புகளுக்கு முன்பே ஆட்டத்தை விட்டவன்.
அவனுடைய கல்தச்சர்களை
இன்றுவரை யாரும் திருப்பித் தரவில்லை.
லிஃப்டும் சரியாகவில்லை.

நாலு பத்துக்கு வாசல் மணி.
ஹோப்பாவிலிருந்து லாரி ஓட்டிவந்த சுக்ரு,
தோளெல்லாம் மழை, இரண்டு இரவுக்கு அறை வேண்டும்.
எனக்குப் பதினொரு நொடி மிச்சம்,
இருபத்து மூன்று காசு, உதிரக் காத்திருக்கிறது.
கடை காட்டியதை எல்லாம் அழுத்தினேன்,
முகம் பார்க்காமல்,
கிளம்பும் பேருந்தில் மூட்டைகளை எறிவதுபோல.

பாஸ்போர்ட். கையெழுத்து. முன்னூற்று ஆறு.
சுடுநீர் வரக் கொஞ்சம் நேரமாகும்.
படிக்கட்டு அந்தப் பக்கம், மன்னிக்கவும்.
இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்ததே இதுதான்:
நிறுத்திவிட்டால் அப்புறம் அவர்கள் பாடு.
போர் நடக்கும், நான் சாவி கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

திரும்பி வந்தபோது என் ஆட்கள் உயிரோடிருந்தார்கள்.
உப்புச் சுமப்பவள், மூன்று பேர் ஒருத்தியாகி,
முன்வரிசையில்.
தாண்டிப் போன வரியை அப்போதுதான் தேடிப் படித்தேன்:
அந்தச் சுற்றில் செலவான ஒவ்வொரு காசுக்கும்
ஒரு பிடி உப்பு எதிரியின் பாதையில் விழும்.
எதிரே ஒரு படை, உப்பில் புதைந்து,
சேற்றில் மாட்டிய வண்டிபோல் நகர்ந்தது.
அதன் தலைவனிடம் ஐம்பத்து நான்கு காசு.
சுற்று முடிய நாற்பத்தொன்பது.
இன்னும் கடைப் பக்கம் திரும்பவில்லை அவன்.
யாரென்று தெரியாது. போன மாதத்து நான்.

நான்காவது வந்தேன். அடுத்ததில் இரண்டாவது.
அதற்கடுத்து ஆறாவது:
பழைய கை, மணியடிப்பவனை நடுவில் நிறுத்திவிட்டது,
அவன் இப்போது கண்ணாடி என்பதை மறந்து.

ஏழு மணிக்குச் சுக்ரு இறங்கி வந்தான்,
படியேறிய முழங்காலைத் தேய்த்துக்கொண்டு,
லிஃப்ட் எப்போது சரியாகும் என்றான்.
"அடுத்த பதிப்பில்" என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை. தேநீர் கேட்டான்.