இருபத்தெட்டு

முதலில் கவிழ்த்துப் பார்ப்பேன்.
நிறம் அப்புறம்.
சுடும் முன்பே மண்ணில் அழுந்திய எண்
அடியில் இருக்கும். நான்கு, பதினொன்று,
சிலதில் தேய்ந்துபோன வட்டம் மட்டும்.
மின்துறையில் மீட்டர் பார்க்கிறவளுக்கு
கண் தானாகப் போகிற இடம் அது.

காந்தி வீதி, ஞாயிற்றுக்கிழமை, பத்தரை மணி.
நீலத் தார்ப்பாயில் சார்ஜர் வயர்கள்,
ஜோடியில்லாத ஷட்டில் மட்டை, விசிலில்லாத குக்கர்.
நடுவே மஞ்சள்.
எலுமிச்சை இல்லை, மாம்பழம் இல்லை,
மழை விட்டதும் வெயில்பட்ட
ஆட்டோக் கூரையின் மஞ்சள்.
வட்டம். இரண்டு காது. உள்ளே பால்வெள்ளை.
"சொல்தா வீட்டுச் சாமான், பிரான்சு மால்"
என்றார் காதர் மொய்தீன்.
அவரிடம் எல்லாமே சொல்தா வீட்டுச் சாமான்தான்,
சீன டார்ச் உட்பட.
எண் இருபத்தெட்டு. விலை அறுநூறு.
மூடி இல்லையே என்றேன்.
மூடி இருந்தா இங்க ஏம்மா வருது என்றார்.
நானூற்றைம்பது.

பீரோ மேல் ஏற்கெனவே எட்டு:
கிளிப்பச்சையில் கைக்குள் அடங்கும் கிண்ணங்கள் ஆறு,
அதில் ஒன்று விரிசல்,
கத்தரிப்பூ நிறத்தில் ஆழமாய் ஒன்று,
பள்ளம் பள்ளமாய்ச் சுழலும் செங்கல் சிவப்புக் கேக் அச்சு.
தேவநாதன் அதைத் தொப்பி என்றே நினைத்திருந்தார்.
"ஓவன் இல்லாத வீட்டில்
ஓவன் பாத்திரம் ஒன்பது" என்றார்,
"மாடு இல்லாதவன் மணி வாங்கின கதை."

அதற்காகவே ஒரு சனிக்கிழமை இரவு
நெல்லித்தோப்பில் சவரிநாதன் பேக்கரியில்
ரஸ்க் இறங்கியபின் அடுப்பில் ஒரு மூலை கேட்டேன்.
உருளைக்கிழங்கு, பால், பூண்டு, மேலே ரொட்டித் தூள்.
மேலே கருகியது. நடுவில் வேகவே இல்லை.
"இதுக்கு மூடி வேணும்மா" என்றார் அவரும்.
வெந்த பக்கத்தை மட்டும் தேவநாதன் தின்றார்.
காதோரம் நின்ற பழுப்புக் கறையை
இரண்டு நாள் தேய்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

ஐப்பசி அடைமழையில் குருசுக்குப்பம்.
லூர்துமேரி வீட்டு மீட்டர்
சமையலறைக் கதவுக்குப் பின்னால்.
மீட்டரை நான் பார்க்கவில்லை.
சங்கரா மீன் கொதிக்கும் மண்சட்டியின் மேல்
அந்த மஞ்சள்.
தூக்கிப் பார்க்கட்டுமா என்றேன்.
உப்பு பாக்கவா என்றாள்.
ஆவி விலகியதும் உள்பக்கம்
புளிக் கறைக்குள் இருபத்தெட்டு.

ஐந்நூறு என்றேன். ஆயிரம் என்றேன்.
ஞாயிறு சந்தையில் வெளிநாட்டுக்காரர்கள்
பேரம் தெரியாமல் விலையை ஏற்றுகிற அதே குரல்
எனக்கும் இருந்திருக்கிறது.
"புயலுக்கு ஓடு பறந்துச்சு, இது பறக்கல.
தட்டு வெச்சா ஆவி நிக்காது.
இத வித்துட்டு எதால மூடுறது?"

அடுத்த மாதம்
பில் கருவிக்கு அடியில், துண்டில் சுற்றி,
என்னுடையதைக் கொண்டுபோனேன்.
அவள் சட்டியை இறக்கி, மூடியைக் கழுவி,
சேலைத் தலைப்பால் துடைத்து வைத்தாள்.
சத்தமே இல்லை. அவ்வளவு சரியாக உட்கார்ந்தது.
நிறம்தான் ஒட்டவில்லை.
அவளுடையது குழம்பு குடித்து மஞ்சள்கிழங்காகியிருந்தது,
என்னுடையது பீரோ மேல் தூசி தின்று வெளிறியிருந்தது.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பார்த்தோம்.
"ரெண்டும் உங்க பீரோவுக்குப் போனா
ரெண்டுக்கும் வேல போச்சு" என்றாள்.
பிறகு சிரித்தபடி:
"அடிய இங்க விட்டுட்டுப் போறீங்களா?"

விடவில்லை.
அவளும் தரவில்லை.

இந்த மாதம் நூற்று நாற்பத்தாறு யூனிட்.
எழுதும் முன் சட்டிப் பக்கம் போய்
தூக்கிப் பார்த்துவிட்டு வைக்கிறேன்.
இருபத்தெட்டுதான், ஒன்றும் ஓடவில்லை.
"இன்னிக்குக் காரப்பொடி" என்கிறாள் திரும்பாமலே.
கருவியின் பொத்தான்களில்
குழம்பு ஈரம் ஒட்டிக்கொண்டே வர,
அடுத்த வீட்டு மணியை அடிக்கிறேன்.