புல எண் 114

சர்வேயர் வரைபடத்தை மணலில் விரித்தார்,
கச்சான் காற்றுக்கு நாலு மூலையிலும் சங்கு வைத்தார்.
வடக்கே உப்பளம். மேற்கே உடைமரம்.
நடுவில் எங்கள் நொச்சிவலசை:
எங்கிருந்தோ வந்தவர்கள்
போகாமல் தங்கியதால் ஊர்.
இரண்டு முழம் தோண்டினால் நல்ல தண்ணீர்,
மூன்றாவது முழம் உப்பு.
ஊற்றுத் தோண்டுகிறவர்களுக்கு
எங்கே நிறுத்துவதென்று தெரியும்.

கடலுக்குத் தெரியாது.

"நூத்திப் பதினாலு எங்கம்மா?"
பாசி பறித்துக்கொண்டிருந்த நம்புத்தாய்
மார்பளவு நீரில் நின்றபடி
"இந்தா, என் காலுக்குக் கீழ.
எல்லைக்கல்லு தட்டுப்படுது" என்றாள்.

அறுபத்து நாலு புயலுக்கு முன் அது கேப்பைக் கொல்லை.
புஞ்சை, எழுபது சென்ட்.
போன பங்குனிவரை கிஸ்தி கட்டிய ரசீது
பவுடர் டப்பாவில் சுருண்டு கிடக்கிறது.

பள்ளிவாசல் சுவர் முழுக்கப் பவளக்கல்.
ஒரு காலத்தில் வத்தை வத்தையாக
நாங்கள் கடலில் வெட்டி வந்தது.
அதற்கு ரசீது இல்லை.

சர்வேயர் 'புஞ்சை'யை அடித்து
மேலே 'நீர்' என்று எழுதினார்.
"ஆட்சேபணை இருக்கா?"
"தண்ணிக்கு வரி எவ்வளவு சார்?"

கைநாட்டுக் கேட்டார்.
பாறை தேய்த்த கட்டைவிரல்.
மை விழுந்தது,
வரி விழவில்லை.
மறு விரலை அவர் கேட்பதற்குள்
தன் கொல்லைக்குள் இறங்கிவிட்டாள்.