கல் கழிவு

புதுக்குடியிருப்புக் கிளையில்
கரண்ட் போன நேரம் பார்த்துத்தான்
நேசமலர் அக்கா தோட்டை மேசையில் வைத்தா.
எட்டுக்கல் தோடு. சோடி. பதினாறு சிவப்பு.
ஜெனரேற்றர் இழுத்து இழுத்து எழும்பும்வரை
கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா ரோச்சை
சும்மா மேலே பிடித்தேன்.

பதினைந்து கனன்றன,
ஊதிவிட்ட அடுப்புக்கரி மாதிரி.
வலத்தோட்டின் கடைசிக் கல்
கண் திறக்கவில்லை.

இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவன்
இரத்தினபுரியில் ஒரு கிழமைகூட நின்றிருக்கமாட்டான்.
மண்ணில் விளைந்ததும் கனலும்,
உலையில் துளித்துளியாய்ச் சொட்டி வளர்ந்ததும் கனலும்,
இரண்டாவது கொஞ்சம் கூடவே.
(பொய்க்கு வெளிச்சம் கூட என்று
எழுத வந்தது. அழித்துவிட்டேன்.
அது பொய் இல்லை. அதே சரக்கு, அதே கடினம்,
பிறந்த இடம்தான் வேறு.
பொய், அதை விற்றவன் வாயில்.)

வெளிச்சம் வந்தது. லென்ஸ், பத்து மடங்கு.
இடத்தோடு எட்டும் சரி.
உள்ளே பட்டுநூல்,
ஒன்றையொன்று சரித்து வெட்டும் ஊசிகள்,
ஒன்றில் ஆறி மூடின பழைய வெடிப்பு,
ஒன்றில் ஏதோ குறுணி:
கல்லுக்குள் அகப்பட்ட இன்னொரு கல்.
குறை இருந்தால் நிம்மதி.
சுத்தமாய் இருந்தால் சந்தேகம்.
எங்கள் தொழிலில் மட்டும்தான் இப்படி.
இல்லை, ஓமந்தையிலும் அப்படித்தான்,
மடிப்புக் கலையாத சேட்டோடு வந்தவனைத்தான்
முதலில் மறித்தார்கள்.

வலத்தோட்டில் ஐந்து தாண்டி
ஆறும் ஏழும் துடைத்த கோப்பை.
சாய்த்தேன், இன்னும் சாய்த்தேன்,
ஒரு கோணத்தில் பிடிபட்டது
இசைத்தட்டு மாதிரி வளைந்த வரி.
மண் நேர்கோட்டில், மூலை மடக்கித்தான் வளர்க்கும்.
சொட்டினதுதான் வளையும்.

"அக்கா, இது ரெண்டும் செய்த கல்லு."
"எது?"
"இதும் இதும்."
"சமாதான காலத்தில, மூத்தவளின்ர சாமத்தியவீட்டுக்கு முதல்
வவுனியாவில வைச்சது.
இலங்கைக் கல்லெண்டு சொல்லி
ஆறாயிரம் வாங்கினவன்."
ஒரு பெயரையும்
அதோடு சேர்த்து இன்னொன்றையும் சொன்னா.
இரண்டும் எழுதுவதற்கில்லை.

எட்டாவதுக்கு லென்ஸ் வேண்டியிருக்கவில்லை.
விளிம்பு உருண்டு, முகமெல்லாம் கீறல்,
நாக்கில் வைத்தாலும் குளிராது.
எப்படிச் சொல்கிறதென்று
பேனா மூடியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினேன்.

"அதைப் பாத்து முழிக்காதேங்கோ தம்பி,
அது நான் வைச்சது.
சைக்கிள் பின்மட்காட்டில சிவப்பா இருக்குமே,
அதில ஒரு துண்டு.
முகாமில ரெண்டு நாள் அரத்தாளில தேய்ச்சனான்.
அதில இருந்த கல்லு பால்மாவுக்குப் போயிட்டுது.
வாங்கினவன் லென்ஸ் ஒண்டும் வைக்கேல்லை,
என்ர முகத்தைத்தான் பாத்தவன்."

படிவத்தில் பெட்டி ஒன்றுதான்.
கல் கழிவு, கிராமில்.
பதின்மூன்று மலையின் வயிற்றிலிருந்து,
இரண்டு உலையிலிருந்து,
ஒன்று சைக்கிளிலிருந்து.
மூன்றரை என்று எழுதினேன்.

"அப்ப நல்ல கல்லுக்கும் ஒண்டும் இல்லையோ?"
"இல்லை அக்கா, தங்கத்துக்கு மட்டும்தான்."
"கள்ளக் கல்லுக்கும் குறைக்கமாட்டியள்?"
"இல்லை."
யோசித்தா.
முத்தையன்கட்டில் சிறுபோகத் தண்ணி திறக்க ஒன்பது நாள்.
விதைநெல், உழவுக்கூலி, எண்ணெய்.
கையெழுத்து வைத்தா.

உறைக்குள் போட்டு அரக்கு உருக்கினேன்.
கதவடிக்குப் போனவ திரும்பி வந்து
கண்ணாடி ஓட்டைக்குள் குனிந்தா.
"மீட்கேக்க எண்ணித்தான் எடுப்பன்.
மற்றதுகளை ஆரும் மாத்தினாலும்
எனக்கு விளங்காது.
அந்தச் சைக்கிள் கல்லை மாத்தினா
உடன தெரியும்."